பழைய டெஸ்க்டாப்பை ஓவர்கிளாக் செய்ய: எதை வாங்கலாம், எதை விடலாம்

கேள்வி: 2017-இல் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். ரைசன் 5 1600, பி350 மதர்போர்டு, 4 ஜிபி டிடிஆர்4-2400 ரேம் இரண்டு, பிராசஸரோடு வந்த கூலர், ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் கார்டு. கேமும் கொஞ்சம் வீடியோ எடிட்டிங்கும்தான் வேலை. நல்ல கூலரும் வேகமான ரேமும் போட்டு 4 கிகாஹெர்ட்ஸுக்கு ஓவர்கிளாக் செய்ய (நிறுவனம் வைத்த வேகத்தைத் தாண்டி ஓட்ட) நினைக்கிறேன். செலவு செய்யலாமா?

பதில்: போர்டை வைத்துக்கொள்ளுங்கள், பிராசஸரை மாற்றுங்கள். 1600-ஐ ஓவர்கிளாக் செய்வதற்கென்று கூலர் வாங்குவது வீண் செலவு. அந்தத் தலைமுறை சிப்புகளில் பெரும்பாலானவை 3.8, 3.9-ஐத் தாண்டாது. அதற்கே 1.35 முதல் 1.4 வோல்ட் வரை கேட்கும். எல்லா கோரும் ஓடும்போது 1600 தானாகவே 3.4-இல் நிற்கிறது, அதாவது நீங்கள் கூடுதலாகப் பெறுவது 12 முதல் 15 சதவீதம். விலை குறைந்த பி350 போர்டுகள் பலவற்றில் பிராசஸருக்கு மின்சாரம் தரும் விஆர்எம் பகுதியில் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கே இருக்காது. அந்த வோல்டேஜில் மணிக்கணக்காக ரெண்டர் செய்தால் முதலில் திணறுவது பிராசஸர் அல்ல, போர்டுதான்.

உங்கள் போர்டில் பிராசஸர் உட்காரும் அதே ஏஎம்4 சாக்கெட்டில் ரைசன் 5 5600 உட்காரும். பி350 அடங்கிய 300 வரிசை போர்டுகளுக்கும் 5000 வரிசையைப் போட 2022-இல் ஏஎம்டி வழிவிட்டது. கை வைக்காத 5600-ஐ, எவ்வளவு ஓவர்கிளாக் செய்த 1600-ஆலும் எட்டிப் பிடிக்க முடியாது. இரண்டுக்கும் ஏஎம்டி குறிப்பிடும் டிடிபி அளவு 65 வாட் தான் என்பதால் போர்டுக்கும் சுமை அதிகரிக்காது. விண்டோஸ் 11-க்கான மைக்ரோசாஃப்ட் பட்டியலில் 1600 இல்லை, 5600 இருக்கிறது. இது ஒன்றே பலருக்குப் போதுமான காரணம்.

பெயரில் ஏமாறாதீர்கள். 5600-இல் எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) 32 எம்பி. 5500-இலும் 5600ஜி-யிலும் 16 எம்பிதான். 5700எக்ஸ்-இல் 32, ஆனால் வெறும் 5700-இல் 16. ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம், கேமில் நன்றாகவே தெரியும். எடிட்டிங் அதிகம் என்றால் எட்டு கோர் உள்ள 5700எக்ஸ் எடுக்கலாம். அதோடு கூலர் வராது.

பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை. கேம் ஓடும்போது கார்டின் பயன்பாடு 97, 98 சதவீதத்திலேயே இருந்தால் தடை உங்கள் 1060-தான். பிராசஸர் மாற்றினாலும் சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) ஏறாது. கார்டு 60, 70-இல் நின்று, படம் விட்டுவிட்டு ஓடினால் தடை பிராசஸர் அல்லது ரேம்.

மாற்றும்போது வரிசை முக்கியம். பழைய பிராசஸர் போர்டில் இருக்கும்போதே பயாஸை (போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்யுங்கள். போர்டு நிறுவனத்தின் பக்கத்தில் 5600 எந்தப் பதிப்பிலிருந்து ஆதரிக்கப்படுகிறது என்று பாருங்கள். சில போர்டுகளில் நேராகக் கடைசிப் பதிப்புக்குப் போக முடியாது, நடுவில் ஒரு பதிப்பை ஏற்றச் சொல்லியிருப்பார்கள். போர்டின் ரிவிஷன் எண்ணையும் ஒப்பிடுங்கள். டிரைவைப் பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தால் ரெகவரி கீயை எழுதி வைத்துக்கொண்டு, அதைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள். புதிய பிராசஸருடன் முதல்முறை ஆன் செய்யும்போது எஃப்டிபிஎம்-ஐ (பிராசஸரில் பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதி) ரீசெட் செய்யட்டுமா என்று போர்டு கேட்கும்; கீ இல்லாமல் சரி என்று அழுத்தினால் டிரைவைத் திறக்க முடியாமல் போகலாம்.

அடுத்தது, கூலரைக் கழற்றுவது. அதிகம் பேர் பிராசஸரைக் கெடுப்பது இங்கேதான். ஏஎம்4-இல் பின்கள் பிராசஸரின் அடியில் இருக்கும். பல வருடம் காய்ந்த பேஸ்ட் கூலரோடு பிராசஸரை ஒட்டிப் பிடித்திருக்கும். கூலரை நேராக மேலே இழுத்தால், லிவர் பூட்டியிருந்தாலும் பிராசஸர் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து பின்கள் வளையும். அதனால் கழற்றுவதற்கு முன் ஒரு கேமையோ ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டையோ பத்து நிமிடம் ஓடவிட்டுப் பேஸ்ட்டைச் சூடாக்குங்கள். ஷட்டவுன் செய்து, மின் இணைப்பை எடுத்துவிட்டு, சூடு ஆறுவதற்குள் ஸ்க்ரூக்களைக் கழற்றி, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகுங்கள். பிடி விட்டது கையிலேயே தெரியும். அதன் பிறகுதான் தூக்க வேண்டும். நான்கு ஸ்க்ரூவும் வந்ததும் போர்டுக்குப் பின்னால் இருக்கும் உலோகத் தகடு கழன்று விழும். கேஸைப் படுக்கவைத்து, பின்புறம் ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள்.

1600-உடன் வந்தது ரெய்த் ஸ்பயர் கூலராக இருந்தால் அதை எறிய வேண்டாம். 5600 பெட்டியில் வரும் ரெய்த் ஸ்டெல்த்தைவிட அது உயரமானது, குளிர்ச்சியும் அதிகம்.

கேள்வி: ரேம் பழைய இரண்டோடு இன்னும் இரண்டு சேர்க்கலாமா, மொத்தமாக மாற்றலாமா? 3200, 3600 எது?

பதில்: மாற்றுங்கள். வெவ்வேறு வேகம் உள்ள நான்கைச் சேர்த்தால் எல்லாமே மிக மெதுவானதன் வேகத்தில்தான் ஓடும். நான்கு ஸ்லாட்டும் நிரம்பினால் மெமரி கன்ட்ரோலருக்கும் சுமை கூடும்.

கேமுக்கு 8 ஜிபி இரண்டு, எடிட்டிங்கும் என்றால் 16 ஜிபி இரண்டு. ஒரே கிட்டாக வாங்குங்கள். சிஎல் என்பது ரேம் பதில் தர எடுக்கும் கடிகாரத் துடிப்புகளின் எண்ணிக்கை. 3200 சிஎல்16, 3600 சிஎல்18 இரண்டுக்கும் காத்திருப்பு நேரம் 10 நானோசெகண்ட் தான். எது விலை குறைவோ அதை எடுக்கலாம். தவிர்க்க வேண்டியது 3200 சிஎல்22. பெட்டியில் 3200 என்று பெரிதாக இருக்கும், காத்திருப்போ 13.75 நானோசெகண்ட். 4000, 4400 என்று விற்பதற்கும் போகாதீர்கள். ரைசன் 5000-இன் உள் இணைப்பு 1800 மெகாஹெர்ட்ஸ் வரை சிரமமில்லாமல் ரேமோடு ஒன்றுக்கு ஒன்றாக ஓடும். அது 3600 ரேமுக்குச் சமம். அதற்கு மேல் விகிதம் உடைந்தால் வேகம் ஏறுவதற்குப் பதில் இறங்கும்.

நான்கு ஸ்லாட் போர்டில் பிராசஸரிலிருந்து எண்ணி 2, 4-இல் பொருத்துங்கள். பயாஸில் ரேமை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி-யை (சில போர்டுகளில் டிஓசிபி என்றிருக்கும்) ஆன் செய்யாவிட்டால் வாங்கிய வேகம் கிடைக்காது. ஆன் செய்த முதல்முறை திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம், போர்டு ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது. பதறி பவர் பட்டனை அழுத்தாதீர்கள். பழைய போர்டில் 3600 நிற்காவிட்டால் 3200-க்கு இறக்கிவிடுங்கள், இழப்பு சொற்பம். விண்டோஸுக்குள் போகுமுன் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ முழுதாக ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த செட்டிங் சரியில்லை என்றுதான் பொருள். அதை அப்படியே விட்டால் ஃபைல்கள் சத்தமில்லாமல் கெட்டுப்போகும்.

கேள்வி: 5600 போட்டுவிட்டேன். பிராசஸர் சோதனை மென்பொருளான சினிபெஞ்ச் ஓட்டினால் 85 டிகிரி. வாட்டர் கூலர் வாங்கட்டுமா? கர்வ் ஆப்டிமைசரில் (பிராசஸரின் வோல்டேஜைக் குறைக்கும் செட்டிங்) மைனஸ் 30 வைத்தேன். பெஞ்ச்மார்க் எல்லாம் ஓடுகிறது, சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆகிறது.

பதில்: வாட்டர் கூலர் வேண்டாம். 5600 எடுப்பது அதிகபட்சம் 76 வாட். 120 மில்லிமீட்டர் ஃபேன் உள்ள ஒரு சாதாரண டவர் கூலர் போதும். ஏப்ரல், மே மாதங்களில் அறை 36, 38 டிகிரியில் இருந்தால் தண்ணீரும் அதற்குக் கீழே போகாது. 5600-க்கு ஏஎம்டி வைத்த எல்லை 90. 85 என்பது ஆபத்தில்லை, எல்லைக்கு அருகில் என்பதால் பூஸ்ட் (பிராசஸர் தானாக ஏற்றிக்கொள்ளும் வேகம்) கொஞ்சம் குறையும், அவ்வளவே. வாங்குமுன் கேஸின் பக்கக் கதவுவரை இடம் அளந்து பாருங்கள். இந்த டவர்கள் 155 மில்லிமீட்டர் அளவுக்கு உயரம். கீழ்நோக்கி ஊதும் கூலரிலிருந்து டவருக்கு மாறினால் விஆர்எம்-க்குக் கிடைத்த காற்று நின்றுவிடும், ஆகவே கேஸின் பின்பக்கத்தில் ஒரு ஃபேன் கட்டாயம்.

ரீஸ்டார்ட்டுக்குக் காரணம் மைனஸ் 30 தான். எல்லா கோரும் உழைக்கும்போது வேகமும் வோல்டேஜும் தாழ்ந்திருக்கும், அங்கே அது தாங்கும். பிரவுசர் திறப்பது போன்ற சின்ன வேலையில் ஒரு கோர் மட்டும் உச்ச வேகத்துக்குத் தாவும். நீங்கள் வெட்டிய வோல்டேஜ் அந்த நொடியில் போதாமல் போகிறது. விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் டபிள்யூஎச்இஏ-லாகர் என்ற வன்பொருள் பிழை பதிவாகியிருந்தால் அதே கதைதான். எல்லா கோருக்கும் மைனஸ் 10-இலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு கோரையும் தனியாகச் சோதிக்கும் கோர்சைக்ளர் மென்பொருளை ஓர் இரவு ஓடவிட்டு, பிழை வராவிட்டால் ஐந்து ஐந்தாக இறங்குங்கள். பிழை காட்டும் கோருக்கு மட்டும் மேலே ஏற்றுங்கள். பி350 போர்டில் பிபிடி அளவை (பிராசஸர் எடுக்கும் மின்சாரத்தின் வரம்பு) 76 வாட்டிலேயே விட்டுவிடுங்கள். வோல்டேஜ் குறைவதால் வெப்பம் குறைந்து பூஸ்ட் தானாக ஏறும். இந்தப் பிராசஸருக்குச் செய்யத்தக்க ஓவர்கிளாக் இதுதான், இதற்குக் காசும் செலவில்லை.

கேள்வி: இன்டெல் எச்61 போர்டு, ஐ3-2120. செகண்ட்ஹேண்டில் ஐ7-2600கே கிடைக்கிறது. ஓவர்கிளாக் ஆகுமா?

பதில்: ஆகாது. கே பிராசஸரின் வேகத்தைத் தீர்மானிக்கும் மல்டிப்ளையரை ஏற்ற பி67, இசட்68, இசட்77 போன்ற சிப்செட் வேண்டும். எச்61-இல் அது பூட்டப்பட்டிருக்கும். கே இல்லாத ஐ5, ஐ7 மலிவாகக் கிடைத்தால் போடலாம், எஸ்எஸ்டி இல்லையென்றால் அது முதலில். அதற்கு மேல் இதில் பணம் போடாதீர்கள். ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு இல்லாத இந்தத் தலைமுறையில் சில புதிய கேம்கள் திறக்கவே திறக்காது.

கேள்வி: கடையில் ட்ரே பிராசஸர் என்று பெட்டி இல்லாமல் விலை குறைத்துத் தருகிறார்கள். வாங்கலாமா?

பதில்: சிப் அதேதான், வித்தியாசம் வாரன்டியில். பெட்டியோடு வருவதற்கு ஏஎம்டி-யே மூன்று வருட வாரன்டி தருகிறது. ட்ரேக்குக் கடைக்காரர்தான் பொறுப்பு. எத்தனை மாதம், மாற்றித் தருவாரா, பணமா என்பதை சீரியல் எண்ணோடு ஜிஎஸ்டி பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தையை வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்தால் நிரூபிப்பது கடினம். கவுன்டரிலேயே பிராசஸரைத் திருப்பி, வெளிச்சத்துக்கு எதிராகப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். நேராக நிற்கும் வரிசைகளில் ஒரு பின் சாய்ந்திருந்தாலும் தெரியும். சாய்ந்திருந்தால் நிமிர்த்தித் தருகிறேன் என்பதை ஏற்காதீர்கள். ஓவர்கிளாக்கால் வரும் சேதம் ஏஎம்டி வாரன்டியில் அடங்காது. ட்ரேக்கும் அதுவேதானா என்று பில் போடுமுன் கேட்டுவிடுங்கள்.