எட்டு மாத நடை எங்கே போச்சு? – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்கு 47 வயது. சிங்கப்பூரில், யீஷூனில் இருக்கிறேன். ஒரு கிடங்கு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. போன வருடம் பலதுறை மருந்தகத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, நீரிழிவு வரும் வாசலில் நிற்கிறீர்கள் என்றார்கள். பயந்துபோய் நடக்க ஆரம்பித்தேன். வேலைக்குக் கிளம்பும் முன், என் புளோக்கில் இருக்கும் இரண்டு தோழிகளோடு யீஷூன் குளத்தைச் சுற்றி நடப்பேன். எட்டு மாதம், தினமும் 10,000 காலடி. ஆறு கிலோ இறங்கியது. கடைசியில் ஓட்டமும் நடையுமாக 5 கிலோமீட்டர் போகிற அளவுக்கு வந்திருந்தேன்.

மார்ச் மாதம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். வாக்கர் பிடித்து நடக்கிறார். என் நடை அன்றோடு நின்றது. ஐந்து மாதம் ஆகிறது. போன வாரம் ஒருநாள் குளத்துக்குப் போனேன். பாதிச் சுற்றிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். தொடங்கிய இடத்துக்கே வந்தாயிற்று. எல்லாம் பூஜ்யம். சில நாள் அம்மா மேலேயே கோபம் வருகிறது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. தம்பி ஞாயிற்றுக்கிழமை வந்து அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவான். மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறாள். "ஓட்டக்காரர் சாந்தி பெரேராவைப் பாரும்மா, அவங்க திரும்பி வரலையா?" என்கிறாள். கேட்டால் எரிச்சல்தான் வருகிறது.

காயத்துக்குப் பிறகு நீங்கள் திரும்ப ஓடியதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த ஊக்கம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது?

பி.கு.: பழைய காலணி வாசல் அலமாரியிலேயே கிடக்கிறது. அதைப் போடலாமா, புதிது வாங்க வேண்டுமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள். எடுத்துவிட்டேன்.

ஊக்கம் எங்கிருந்து வந்தது என்றால், வரவில்லை. அந்தக் கட்டுரையை நான் எழுதியது எல்லாம் சரியான பிறகு. சரியான பிறகு உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு, தான் ஆரம்பத்திலிருந்தே உறுதியாக இருந்ததுபோல ஒரு நினைப்பு வந்துவிடும். அப்போது விட்டுப்போனதை இப்போது சொல்கிறேன்.

அப்போது எனக்கு 49 வயது. சமூக மன்றத்தில் பூப்பந்து ஆடிக்கொண்டிருந்தேன். பந்தை எடுக்க முன்னால் பாய்ந்தபோது, பின்னாலிருந்து யாரோ காலில் ஓங்கி உதைத்தார்கள். "யாருப்பா அது?" என்று கோபமாகத் திரும்பினேன். பின்னால் யாரும் இல்லை, சுவர்தான் இருந்தது. குதிகால் தசைநார் அறுந்தவர்கள் அநேகமாக எல்லோரும் இதே கதையைத்தான் சொல்வார்கள் என்று மருத்துவர் சிரித்தார். அப்புறம் முழங்கால் வரைக்கும் ஒரு பூட். உள்ளே குதிகாலுக்கு அடியில் ஆப்பு மாதிரி துண்டுகள் வைத்திருப்பார்கள். கொஞ்ச நாளுக்கு ஒன்றாக அவற்றை உருவுவார்கள்.

பூட்டைக் கழற்றியபோது கெண்டைக்கால் பாதியாக இளைத்திருந்தது. உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்துக் காலைத் தேற்றும் பிசியோ ஓர் இளம்பெண். அந்தக் காலில் மட்டும் நின்று குதிகாலைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். "தூக்குங்க சார்" என்றார் மறுபடியும். தூக்கிவிட்டேனே என்று குனிந்து பார்த்தால், குதிகால் தரையோடு தரையாக இருக்கிறது. தலையிலிருந்து உத்தரவு போகிறது, கீழே கேட்பார் இல்லை. அன்றைக்கு டாக்சியில் அழுதுவிட்டேன். ஓட்டுநர் ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். நல்ல மனிதர்.

அந்த வாரங்களில்தான் ஒருநாள் காபி ஆறிப்போயிருந்தது என்று மனைவியிடம் கத்தினேன். அவள் ஒன்றும் பேசாமல் அதைக் கொட்டிவிட்டு வேறு போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். அதை என்னால் குடிக்க முடியவில்லை. எனக்கு என் கெண்டைக்கால் மேல் கோபம். அதைத் திட்ட முடியாது. பக்கத்தில் இருந்தவள் வாங்கிக்கொண்டாள். அம்மா மேல் கோபம் வருகிறது என்று எழுதக் கூச்சப்பட்டீர்களே, அதனால்தான் இதைச் சொல்கிறேன். நோயாளி நான், கத்தியதும் நான். பார்த்துக்கொள்கிற இடத்தில் இருக்கும் உங்களுக்கு ஐந்து மாதத்தில் கோபமே வராவிட்டால்தான் நான் கவலைப்படுவேன்.

சரி, குதிகாலுக்கு வருகிறேன். காலையில் கெண்டியில் தண்ணீர் கொதிக்கிற நேரம், சமையலறை சிங்க்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலாலும் எம்பி, கெட்ட காலால் மெதுவாக இறங்க வேண்டும். இதுதான் பயிற்சி. கெண்டி கொதித்து 'டக்' என்று அணையும் வரைக்கும் செய்வேன். ஆசையாகச் செய்தேன் என்று நினைக்காதீர்கள். மனசு சரியில்லாத நாளிலும் காபி வேண்டும், காபிக்குக் கெண்டியைப் போட வேண்டும், போட்டால் அங்கே சும்மா நிற்க வேண்டும். அவ்வளவுதான். ஐந்தாவது மாதம் ஒருநாள், ஒற்றைக் காலில், ஒரு விரல் உயரத்துக்குக் குதிகால் எழுந்தது. மனைவியைக் கூப்பிட்டேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் இறங்கிவிட்டது. மறுபடி தூக்கிக் காட்ட முடியவில்லை. "நம்பறேன்" என்றாள்.

இப்போது உங்கள் 'பூஜ்யம்'. அந்தக் கணக்கு தப்பு. நீங்களே கணக்குப் பிரிவில் இருக்கிறீர்கள், சரிபார்த்துக்கொள்ளுங்கள். பயிற்சியை விட்டால் முதலில் போவது மூச்சுதான். இரண்டு மூன்று வாரத்திலேயே குறைய ஆரம்பித்துவிடும். அதனால்தான் குளக்கரையில் உட்கார்ந்தீர்கள். தசைபலம் அவ்வளவு சீக்கிரம் கரையாது. ஒருமுறை பழகிய தசை மறுமுறை தேறுவதற்கு முதல்முறை எடுத்த காலம் எடுக்காது. எட்டு மாதத்தில் வந்ததைத் திரும்பப் பெற இன்னொரு எட்டு மாதம் தேவைப்படாது. அதோடு, இந்த ஐந்து மாதமும் நீங்கள் சும்மா இல்லையே. ஒரு பெரியவரை ஒரு நாளைக்கு எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழுப்பி உட்கார வைக்கிறீர்கள்? உடற்பயிற்சிக் கூடத்தில் இதற்குக் காசு வாங்குவார்கள்.

10,000 காலடியையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அது எந்த மருத்துவரும் எழுதிக்கொடுத்த அளவு இல்லை. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடி எண்ணும் கருவிக்கு 'பத்தாயிரம் காலடி மீட்டர்' என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர்தான் உலகமெல்லாம் சுற்றி உங்கள் கைப்பட்டை வரை வந்திருக்கிறது. அதைவிடக் குறைவாக நடந்தாலும் பலன் உண்டு. உங்கள் கவலை நீரிழிவு என்பதால், சாப்பிட்டு முடித்ததும் நடக்கிற பத்து நிமிடம் நிறையச் செய்யும். காலின் தசைகள் வேலை செய்யும்போது ரத்தத்தில் ஏறிய சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன. 2016இல் சுகாதார அமைச்சு நீரிழிவு மீது போர் அறிவித்தது ஞாபகம் இருக்கும். என் வீட்டில் அந்தப் போர் பிராட்டாவோடு நடந்தது. பிராட்டா இன்னும் தோற்கவில்லை. ஆனால் சாப்பிட்டதும் சோபாவில் சாய்வதை மட்டும் விட்டுவிட்டேன்.

பத்து நிமிடத்துக்குக் குளம் வேண்டாம், தாழ்வாரம் போதும். அம்மாவும் வாக்கரோடு நடக்க வேண்டும் அல்லவா? ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பேருமாக லிஃப்ட் வரைக்கும் போய் வாருங்கள். அவர் ஒருமுறை போய்வந்து உட்காரட்டும். அவர் கண்ணில் படுகிற தூரத்துக்குள் நீங்கள் இன்னும் நான்கு முறை போய் வாருங்கள்.

அம்மாவின் பிசியோ ஒரு தாள் கொடுத்திருப்பாரே, படம் போட்டது? குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருப்பீர்கள். நாற்காலியிலிருந்து கையை ஊன்றி எழுந்து உட்காருவது, சிங்க்கைப் பிடித்துக் குதிகால் தூக்குவது, காலைப் பக்கவாட்டில் தூக்குவது என்று அதில் இருக்கும். அவர் செய்யும்போது பக்கத்தில் நின்று எண்ணுகிறீர்கள் என்று நினைக்கிறேன். இனிமேல் எண்ணிக்கொண்டே நீங்களும் செய்யுங்கள். அவர் ஐந்து என்றால் நீங்கள் கை ஊன்றாமல் பதினைந்து. என் ஒன்றுவிட்ட அக்கா அவருடைய மாமியாரோடு இப்படித்தான் செய்தார். மாமியார் போட்டிக்கு ஆறாவது எழப் பார்ப்பாராம். (எந்த வகை அறுவை சிகிச்சை என்பதைப் பொறுத்து, குட்டை நாற்காலியில் உட்காரக்கூடாது, கால்மேல் கால் போடக்கூடாது என்று சில மாதத்துக்குக் கட்டுப்பாடு இருக்கலாம். அம்மாவைப் பொறுத்தவரை பிசியோ சொன்னதற்கு மேல் வேண்டாம்.) இன்னொன்று, அக்குளில் கையைக் கொடுத்து அவரைத் தூக்காதீர்கள். அவர் தோளுக்கும் கேடு, உங்கள் முதுகுக்கும் கேடு. நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து வந்து, பாதத்தைப் பின்னுக்கு இழுத்து, முன்னால் சாய்ந்து அவரே எழட்டும். நீங்கள் பிடித்துக்கொண்டால் போதும். குளியலறையில் கைப்பிடிக் கம்பி இன்னும் போடாவிட்டால் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடம் (வீவக) கேளுங்கள். முதியவர்கள் உள்ள வீடுகளுக்கு மானியம் கொடுத்துப் போட்டுத் தருகிறார்கள். வழுக்காத தரைப்பூச்சும் அதில் உண்டு.

மகள் சொன்னதற்கு வருகிறேன். எரிச்சல் வந்தது நியாயம்தான். சாந்தி பெரேராவுக்கு ஓடுவதுதான் வேலை, பக்கத்தில் பயிற்றுநர் இருக்கிறார். ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவைக் கழிவறைக்குக் கூட்டிப்போய்விட்டு அவர் திடலுக்கு வரவில்லை. ஆனாலும் அவருடைய எண்களை ஒரு நிமிடம் பாருங்கள். 2015இல் இங்கே நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுகளில் 200 மீட்டர் தங்கம், 23.60 விநாடி. நடுவில் காயங்கள், காணாமல்போன பருவங்கள். 2023இல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டுகளில் அதே 200 மீட்டரில் தங்கம், 23.03 விநாடி. ஆசிய விளையாட்டுகளின் திடல்தடப் போட்டிகளில் 1974க்குப் பிறகு சிங்கப்பூருக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. எட்டு வருட இடைவெளியில் இரண்டு ஓட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் அரை விநாடிக்குக் கொஞ்சம் மேல். கண்ணை ஒன்றிரண்டு முறை மூடித் திறந்தால் அதில் பெரும்பகுதி போய்விடும். நாமோ ஐந்து மாதத்தில் ஒரு குளம் கைவிட்டுப் போனதற்குக் கணக்கை முடித்துவிடுகிறோம்.

மகளிடம் ஒன்று சொல்லலாம். "சாந்தி பெரேரா இருக்கட்டும்மா, சனிக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் பாட்டியோடு நீ இரு." தம்பியிடமும் கேளுங்கள். அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறவர், காலை ஏழரைக்கு வந்து ஒரு மணி நேரம் உட்காரட்டும். வந்ததும் அவருக்குத் தேநீர் போட நிற்காதீர்கள். காலணியைப் போட்டுக்கொண்டு இறங்கிவிடுங்கள். கேட்பது கஷ்டம், தெரியும். நம் வீடுகளில் பெண்பிள்ளை கேட்காமலே செய்வாள் என்று எல்லோருக்கும் பழகிவிட்டது. சொல்லாவிட்டால் தம்பிக்குக் கடைசிவரை தெரியாது. கெட்ட எண்ணத்தால் அல்ல, தெரியாததால்தான். அக்கம்பக்கத்தில் முதியோர் பகல் பராமரிப்பு நிலையம் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். வாரத்தில் இரண்டு நாள் அம்மா அங்கே நான்கு பேரோடு உட்கார்ந்து பேசிவிட்டு வந்தால், அவருக்கும் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதிலிருந்து ஒரு விடுதலை.

தோழிகள் இரண்டு பேரையும் விட்டுவிடாதீர்கள். அவர்கள் வேகத்துக்கு உங்களால் இப்போது போக முடியாது. முடிந்த தூரம் அவர்களோடு, மீதிக்கு நீங்கள் பெஞ்சில். திரும்பி வரும்போது சேர்ந்துகொள்ளலாம். நான் பூப்பந்துக்குத் திரும்பியபோது இரண்டு மாதம் புள்ளி எழுதிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

கடைசியாகக் காலணி. இதற்கு மட்டும் என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியும். நம் ஊர்ப் புழுக்கத்தில், வாசல் அலமாரியில் மாதக்கணக்கில் கிடக்கிற காலணியை நம்பக்கூடாது. மேலே பார்த்தால் புதிதுபோல இருக்கும், உள்ளே பசை விட்டிருக்கும், சிலவற்றில் நடுப்பகுதியே உதிரும். முனையைப் பிடித்து அடிப்பாகத்தை இழுத்துப் பாருங்கள், கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். நான் பார்க்காமல் போட்டுக்கொண்டு போனேன். மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தில் பாதி வழியில் வலதுகாலின் சோல் வாயைப் பிளந்துகொண்டது. எதிரே வந்த ஒரு சீனப் பாட்டி தன் சாப்பாட்டு டப்பாவில் மாட்டியிருந்த இரண்டு ரப்பர் பேண்டுகளைக் கழற்றிக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு டப் டப் என்று பேருந்து நிறுத்தம் வரை வந்தேன்.

அன்புடன்.