முதலில் அம்மாவை ஏற்றிப் பாருங்கள்

கேள்வி: கரூரில் வீட்டு உபயோகத் துணிகள் ஏற்றுமதி செய்கிறேன். வயது 52. பழைய வண்டியை மாற்றும் நேரம் வந்துவிட்டது. மகன் பிஎம்டபிள்யூ எக்ஸ்3 வேண்டும் என்கிறான். மனைவிக்கு மெர்சிடிஸ் பென்ஸ் ஜிஎல்சி பிடித்திருக்கிறது. நண்பர் வால்வோ எக்ஸ்சி60 பக்கம். மைத்துனரோ, “ஃபார்ச்சூனர் எடுத்துவிட்டு மிச்சக் காசைத் தொழிலில் போடுங்கள்” என்று சிரிக்கிறார். தினமும் மில்லுக்கு ஐந்து கிலோமீட்டர்தான், டிரைவர் ஓட்டுவார். மாதம் இரண்டு முறை சென்னை. அவ்வப்போது கொல்லிமலை போய்ச் சாமி கும்பிட்டு வருவோம். அம்மாவுக்கு 76 வயது, முழங்கால் அறுவை சிகிச்சை ஆனவர். இவ்வளவு விலை கொடுக்க இந்த வண்டிகளில் அப்படி என்னதான் இருக்கிறது?
– பெயர் வேண்டாம், கரூர்

பதில்: உங்கள் மைத்துனரின் சிரிப்பில் பாதி நியாயம் இருக்கிறது. ஃபார்ச்சூனரின் 2.8 லிட்டர் டீசல் இன்ஜின் 204 குதிரைத்திறன் தருகிறது. ஆட்டோமேட்டிக் வகையில் வண்டியை இழுக்கும் முறுக்குவிசை (டார்க்) 500 நியூட்டன் மீட்டர். ஜிஎல்சி 220டியின் 2 லிட்டர் டீசல் இன்ஜினுக்கு 197 குதிரைத்திறன், 440 நியூட்டன் மீட்டர். காகிதத்தில் பார்த்தால் ஃபார்ச்சூனர்தான் பலசாலி. ஆகவே, கூடுதலாகக் கொடுக்கிற பணம் பலத்துக்காக அல்ல.

அது எங்கே போகிறது என்பதைக் கரூர்க்காரருக்கு விளக்குவது சுலபம். உங்கள் ஊரில் பஸ் பாடி கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். சேஸிஸ், அதாவது சக்கரங்களோடு கூடிய அடிச்சட்டம், தனியாக வந்து நிற்கும். அதன் மேல் கூட்டைக் கட்டி ஏற்றுவார்கள். ஃபார்ச்சூனரும் அந்த வம்சம்தான். தனிச் சட்டம், அதன் மேல் உடல். கரடுமுரடான பாதைக்கும் பாரத்துக்கும் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் ஒரு குலுக்கல், பின்பக்கம் ஒரு குலுக்கல், அதற்குப் பிறகு இருக்கை மட்டும் தனியாக ஒரு குலுக்கல் என்று வரும். எக்ஸ்3, ஜிஎல்சி, எக்ஸ்சி60 மூன்றிலும் சட்டமும் உடலும் ஒன்றே. நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், அதாவது அதிர்வைத் தாங்கும் அமைப்பு. ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் அந்தச் செய்தி மற்றப் பக்கத்துக்கு அவ்வளவாகப் போய்ச் சேராது. மலைப்பாதையில் வண்டி சாய்வதும் குறைவு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பின் இருக்கையில் இருப்பவருக்கு வயிற்றைப் புரட்டுமா புரட்டாதா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இதுதான். சென்னை வரை ஏறக்குறைய 400 கிலோமீட்டர் போய் இறங்கும்போது இடுப்பில் கை வைக்காமல் இறங்க முடிகிறதே, அதற்குத்தான் அந்த விலை.

நீங்கள் ஓட்டப் போவதில்லை, டிரைவர் ஓட்டுகிறார். எனவே இந்த வண்டியைப் பின் இருக்கையிலிருந்து தேர்ந்தெடுங்கள். ஷோரூமுக்கு அம்மாவை அழைத்துப் போங்கள். செடான் கார் என்றால் அவர் குனிந்து உள்ளே இறங்க வேண்டும். ஃபார்ச்சூனர் என்றால் படியில் கால் வைத்து ஏற வேண்டும். மூட்டு மாற்றியவருக்கு இரண்டுமே தண்டனை. இந்த வகை எஸ்யூவிகளில் இருக்கை ஏறத்தாழ இடுப்பு உயரத்தில் இருக்கும். திரும்பி நின்று உட்கார்ந்து, காலைத் தூக்கி உள்ளே வைத்தால் போதும். அவர் வழக்கமாகக் கட்டும் புடவையோடே ஏறட்டும். கதவடிப் பட்டை அகலமாக இருந்தால் மழைக்காலத்தில் கொசுவம் முழுக்கச் சேறாகும். அந்தப் பட்டையைக் கையால் தடவிப் பாருங்கள். மூன்று முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். மூன்றாவது முறை அவர் கை எதைப் பிடிக்கத் தேடுகிறது, அங்கே பிடி இருக்கிறதா என்று கவனியுங்கள். உட்கார்ந்த பிறகு தொடை இருக்கையில் முழுதாகப் படிகிறதா, முட்டி தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். விற்பனையாளர் இதையெல்லாம் சொல்ல மாட்டார். அவர் 64 நிறத்தில் எரியும் உள்விளக்கைக் காட்டுவார். அதை இரண்டு வாரம் ரசிப்பீர்கள்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. இவை ஐந்து இருக்கை வண்டிகள் என்று எழுதியிருந்தாலும், பின்னால் நடுவில் தரை மேடாக இருக்கும். பெரியவர்கள் நான்கு பேர், கூட ஒரு குழந்தை, அதுதான் கணக்கு. மலைக்கு ஆறேழு பேர் ஒரே வண்டியில் போவது உங்கள் வழக்கமென்றால் ஏழு இருக்கை ஃபார்ச்சூனரைச் சொன்ன மைத்துனர் ஜெயித்துவிட்டார், மேற்கொண்டு படிக்க வேண்டாம்.

இப்போது மூன்றையும் பார்ப்போம். மகன் சொல்லும் எக்ஸ்3-இன் நான்காம் தலைமுறை 2025 ஜனவரியில் இங்கே வந்தது. சென்னைக்கு அருகே மகேந்திரா சிட்டியில் 2007 முதல் இயங்கும் பிஎம்டபிள்யூ ஆலையில் இணைக்கப்படுகிறது. ஸ்டீயரிங்கைப் பிடிப்பவருக்கு மூன்றிலும் அதிகச் சந்தோஷம் தருவது இதுதான். மகனுக்குப் பிடித்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அந்தச் சந்தோஷம் ஞாயிற்றுக்கிழமை மகனுக்கு, மற்ற நாட்களில் டிரைவருக்கு. அகலம் 1,920 மில்லிமீட்டர், கண்ணாடிகள் தனி. பழைய வீடு என்றால் முதலில் உங்கள் கேட்டை அளந்துவிடுங்கள்.

நண்பர் சொல்லும் வால்வோவை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. இன்று உலகம் முழுவதும் காரில் மாட்டிக்கொள்ளும் மூன்று முனை சீட் பெல்ட்டை 1959-இல் கொண்டுவந்தவர் அந்த நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின். காப்புரிமையை மற்றவர்களும் பயன்படுத்தட்டும் என்று நிறுவனம் திறந்துவிட்டது. 2017-இல் ஐரோப்பிய மோதல் சோதனையில் பெரியவர்களின் பாதுகாப்புக்கு எக்ஸ்சி60 வாங்கிய மதிப்பெண் 98 சதவீதம். உள்ளே ஆரவாரமில்லாத அழகு. எனக்கு மிகவும் பிடித்த உள்ளறை இதுதான். ஆனால் இங்கே டீசல் கிடையாது. 250 குதிரைத்திறன் பெட்ரோல் மட்டும். மைல்டு ஹைபிரிட் என்று போட்டிருப்பதைப் பார்த்து மின்சாரத்திலேயே ஓடும் என்று நினைத்துவிடாதீர்கள். 48 வோல்ட் மோட்டார் இன்ஜினுக்குத் தோள் கொடுக்கும், அவ்வளவுதான்.

ஜிஎல்சியின் இப்போதைய தலைமுறை 2023 ஆகஸ்டில் வந்தது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள நீளம் 2,888 மில்லிமீட்டர். மற்ற இரண்டிலும் 2,865. வித்தியாசம் ஒரு அங்குலத்துக்கும் குறைவு, அதற்காக வாங்க வேண்டாம். மோசமான சாலையை விழுங்குகிற விதத்துக்காக வாங்கலாம். உங்கள் உபயோகத்துக்கு என் ஓட்டு ஜிஎல்சி 220டிக்கு. அம்மாவின் முழங்கால் வேறு வண்டியைச் சொன்னால் என் ஓட்டைத் தள்ளிவிடுங்கள்.

டீசல் என்றால் ஒரு நிபந்தனை. தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடி நிற்கும் வண்டியில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். நீண்ட ஓட்டத்தில் சூடேறினால்தான் அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். உங்கள் சென்னைப் பயணம் அதைக் கவனித்துக்கொள்ளும். சென்னை போகாத மாதங்களில் டிரைவரை நாமக்கல் வரை நான்குவழிச் சாலையில் ஒரு சுற்று போய்வரச் சொல்லுங்கள். டீசல் புகையின் நச்சைக் குறைக்கும் ஆட்ப்ளூ திரவத்தையும் அவ்வப்போது நிரப்ப வேண்டும்.

கண்ணாடிக் கூரையை ஷோரூம் ஏசியில் நின்று பார்த்து மயங்காதீர்கள். கரூர் ஏப்ரல் வெயிலில் திரையை மூடியே வைத்திருப்பீர்கள். வெளிர் நிறத் தோல் இருக்கையும் அப்படித்தான். குங்குமம், விபூதி, மல்லிகைச் சரம் எல்லாம் ஏறுகிற வண்டிக்குப் பழுப்போ கறுப்போ நல்லது.

பாதுகாப்பு பற்றி நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான். டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிராவின் பால்கர் அருகே விபத்தில் இறந்தார். அவர் சென்ற வண்டி ஜிஎல்சி, முந்தைய தலைமுறை. முன் இருக்கையில் இருந்த இருவரும் பிழைத்தார்கள். பின்னால் இருந்த இருவரும் சீட் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று காவல்துறை சொன்னது, இருவருமே இறந்தார்கள். எத்தனை ஏர்பேக் இருந்தாலும் பின் இருக்கையில் பெல்ட் போடாதவருக்கு அவை உதவாது. அம்மா முணுமுணுத்தாலும் மாட்டிவிடுங்கள்.

பணக் கணக்கு: 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகை வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம், முன்பு செஸ் சேர்த்து 50. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குச் சாலை வரி 20 சதவீதம். 70 லட்ச ரூபாய் வண்டிக்கு அதுவே 14 லட்சம். கம்பெனி பெயரில் வாங்கினாலும் ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க முடியாது. தேய்மானம் மட்டும் காட்டலாம். ஷோரூமில் முன்கூட்டியே வரியாகப் பிடிக்கும் 1 சதவீத டிசிஎஸ் தொகையை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், ஆடிட்டரிடம் ரசீதைக் கொடுங்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கிறதா, எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பக்கத்துச் சர்வீஸ் சென்டர் கோவையிலா திருச்சியிலா, வண்டி நின்றுவிட்டால் கரூருக்கு யார் வருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வருடக் கடைசியில் எடுப்பதாக இருந்தால், வண்டி எந்த மாதம் தயாரானது என்பதைச் சேஸிஸ் எண்ணை வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். பழைய இருப்பு என்று தெரிந்தால் விலையைக் குறைத்துக் கேட்கத் தயங்காதீர்கள். துணி வியாபாரிக்கு அதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.