கொள்முதல் நிலைய இருப்புக் குறைவு: தம்பி மீது குற்ற வழக்கு வருமா?

ஐயா, தங்கள் தம்பி பட்டியல் எழுத்தராக இருந்த நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் இருப்புக் குறைந்ததற்காக அவர் சிறை செல்ல நேருமா என்று கேட்டிருந்தீர்கள்.

குறைவு மட்டுமே குற்றமாகிவிடாது. நெல் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது என்பதையும், நேர்மையற்ற எண்ணத்துடன் அவர் அதைக் கையாடினார் என்பதையும் அரசுத் தரப்பு மெய்ப்பித்தால்தான், பொது ஊழியரின் நம்பிக்கை மோசடிக்கான பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 316(5) பிரிவு (2024 ஜூலை 1-க்கு முந்தைய சம்பவமெனில் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 409 பிரிவு) நிலைக்கும். ஆயினும் ஒப்படைப்பு உறுதியான பின் ஏற்கத்தக்க விளக்கம் தராவிட்டால், நீதிமன்றம் கையாடலை ஊகிக்க இடமுண்டு. வெயிலில் நெல் காய்ந்தது என்பது எடைக் குறைவுக்குப் பொருந்தும். மூட்டை எண்ணிக்கை குறைந்திருந்தால் பொருந்தாது. குறைந்த நெல்லுக்கான பணத்தைக் கட்டிவிட்டாலே குற்றப் பொறுப்பு நீங்கிவிடாது என்பதால், எதையும் எழுதிக் கொடுக்குமுன் இருப்புப் பதிவேடு, லாரி ஏற்றுச் சீட்டுகளின் நகல்களோடு குற்றவியல் வழக்கறிஞரை அவசியம் பாருங்கள்.