பழம் தின்று கொட்டை போட்டவர்: பாராட்டா, கிண்டலா?

பிரிவு உபசார விழாவில் உங்கள் மேனேஜரை 'பழம் தின்று கொட்டை போட்டவர்' என்று புகழ்ந்தீர்கள், அவர் முகம் சுண்டிப்போனது, என்ன தப்பு என்று கேட்கிறீர்கள். வார்த்தையில் தப்பில்லை. ஒரு தொழிலின் நெளிவு சுளிவெல்லாம் அறிந்து கரைகண்டவர் என்றுதான் பொருள். ஆனால் அரசியல்வாதியையும் வட்டிக்கு விடுபவரையும்கூட இப்படித்தானே சொல்கிறோம்? "அவன் பழம் தின்னு கொட்டை போட்டவன், அவன்கிட்டயேவா?" என்னும்போது அனுபவத்தோடு கொஞ்சம் கள்ளத்தனமும் ஒட்டிக்கொள்கிறது. முகத்துக்கு நேரே சொன்னால் எல்லாம் குரலில்தான் இருக்கிறது. விழா மேடைக்கு 'கைதேர்ந்தவர்' போதும். (கொட்டை என்றால் உருத்திராட்சம் என்று விளக்கம் சொல்பவர்களும் உண்டு. அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை.)

இதை நான் ஏன் எழுதுகிறேன் என்றால், எங்கள் மாமா கருகிய மோட்டாருக்குள் காயிலை (செம்புக் கம்பிச் சுருளை) புதிதாகக் கட்டித் தருபவர், நான் அவருக்குக் கையாள். நாங்கள் கட்டிக் கொடுத்த கிணற்று மோட்டார் ஒன்று கொஞ்ச நாளிலேயே புகைந்து திரும்பி வந்தது. கூடவே பம்பு கம்பெனி சர்வீஸ் பையன். "அண்ணன் பழம் தின்னு கொட்டை போட்டவராச்சே, எந்தக் கம்பி போட்டா சீக்கிரம் கருகும்னு தெரியாதா?" என்று சிரித்தான். எனக்குச் சுருக்கென்றது.

மாமா வாயைத் திறக்கவில்லை. மூடியைக் கழற்றி டார்ச் அடித்தார். இந்த மோட்டாருக்குக் கரண்ட் மூன்று லைனில், அதாவது மூன்று பேஸில் வரும்; உள்ளே காயிலும் மூன்று பேஸாகத்தான் இருக்கும். அதில் இரண்டு பேஸ் காயில் கரிக்கட்டை. மூன்றாவதில் வார்னிஷ் மினுமினுப்புக்கூடப் போகவில்லை. "ஸ்டார் கனெக்‌ஷன் தம்பி. கம்பி மட்டம்னா கணக்குப் பார்த்து ரெண்டு பேஸ் மட்டுமா கருகும்? ஒரு பேஸ் வரலை. போய் ஸ்டார்ட்டரைத் திற" என்றார். ஸ்டார் என்றால் மூன்று காயிலின் ஒரு முனையை ஒன்றாகச் சேர்த்துக் கட்டுவது; ஒரு பேஸ் வராவிட்டால் மற்ற இரண்டு காயில்தான் மொத்தச் சுமையும் தாங்கிக் கருகும். ஸ்டார்ட்டர் என்ற அந்த ஸ்விட்ச் பெட்டியைத் திறந்தால், கரண்டை இணைக்கும் காண்டாக்ட் பாயின்ட் ஒன்று உருகிக் கிடந்தது. காயில்களை முக்கோணமாக இணைக்கும் டெல்டாவில் ஒரு பேஸ்தானே கருகும் என்று இஞ்சினியர்கள் கிளம்ப வேண்டாம், அதுவும் அவருக்குத் தெரியும்.

அந்தப் பையன் அப்புறம் அவரை 'சார்' என்றுதான் கூப்பிடுகிறான். மோட்டாருக்குச் சொந்தக்காரரான விவசாயிதான் மாறவில்லை. காப்பர் விலை ஏறினாலும் பழைய ரேட்டுக்கே கட்டித்தா என்கிறார். கருகிய கம்பியையும் எடைக்குப் போட வேண்டும், மூட்டை கட்டிக் கொடு என்கிறார். கூலியில் கழித்துக்கொள்கிறேன் என்றால் அதற்கும் கோபம்.