மூக்குத்திக்காக வேலையை விட்டு அனுப்பலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் மசாலா பாக்கெட் போடும் சின்னத் தொழிற்சாலை நடத்துகிறேன். பாக்கெட் போடும் இடத்தில் நகை கூடாது என்பது விதி. பாட்டி போட்டுவிட்ட மூக்குத்தியைக் கழற்ற மாட்டேன் என்கிறார் ஒரு பெண். சூப்பர்வைசர் இரண்டு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தாயிற்று. "சாமியை வீட்டோடு வைத்துக்கொள்" என்றும் சொல்லியிருக்கிறார். மூன்றாவது கடிதத்தோடு வேலையை விட்டு அனுப்பலாமா? டிரைவர் ஒருவர் காவடிக்கு வேறு லீவு கேட்கிறார்.

பதில்: முதலில் அந்த மூன்றாவது கடிதத்தை நிறுத்துங்கள் ஐயா.

மூக்குத்தி விவகாரம் நம் டர்பனிலிருந்தே அரசியல் சாசன நீதிமன்றம் வரை போயிருக்கிறது. பள்ளி மாணவி ஒருவரின் மூக்குத்தி பற்றிய வழக்கில் (குடும்பப் பெயரை வைத்து 'பிள்ளை வழக்கு' என்பார்கள்) 2007-இல் தீர்ப்பு வந்தது. மதம் கட்டாயப்படுத்தாத, தானே விரும்பிக் கடைப்பிடிக்கிற வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்றது நீதிமன்றம். ஆகவே "மூக்குத்தி போடாவிட்டால் சாமி கோபித்துக்கொள்ளுமா?" என்று கேட்டுப் பயனில்லை. அது பள்ளி வழக்கு, சரி. வேலை இடத்துக்கு 1998-இன் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் இருக்கிறது. மதம், பண்பாடு காரணமாகப் பாகுபாடு என்று புகார் வந்தால், அப்படி இல்லை அல்லது அது நியாயமானதே என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு.

உங்கள் விதியில் நியாயம் இருக்கிறது. கல் கழன்று மிளகாய்த்தூளில் விழுந்தால் வம்புதான். ஆனால் கழற்றினால்தான் ஆபத்து தீருமா? மாஸ்க் போதாதா? உணவுத் தொழிற்சாலைகளில் விரல் காயத்துக்கு ஒட்டும் நீல பிளாஸ்டரை மூக்குத்தி மேல் ஒட்டிப் பார்த்தீர்களா? லேபிள் ஒட்டும் வேலைக்கு மாற்றலாமா? அவரையே உட்காரவைத்துக் கேளுங்கள், பேசியதை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். இன்னொன்று, அதே மேசையில் கல்யாண மோதிரத்தோடு யாராவது நிற்கிறார்களா என்று பாருங்கள். நின்றால் உங்கள் விதி அங்கேயே செத்தது.

எதுவுமே சரிப்படவில்லை என்று காட்ட முடிந்தால் வாதாட இடம் உண்டு. அதைச் செய்யாமல் நீக்கினால், தானாகவே நியாயமற்ற பணிநீக்கம் ஆகிவிடும். சாதாரண வழக்கில் இழப்பீடு அதிகபட்சம் 12 மாதச் சம்பளம். இதில் 24 மாதம். தொழில் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் சிசிஎம்ஏ ஆணையத்துக்குப் போக அவருக்கு 30 நாள் இருக்கிறது.

சூப்பர்வைசரின் பேச்சை இப்படியே விடாதீர்கள். புகார் காதுக்கு வந்தும் நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டால், வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் 60-ஆம் பிரிவின்படி அது நீங்களே பேசியதற்குச் சமம். அவரைக் கூப்பிட்டு விசாரியுங்கள். அதுவும் எழுத்தில் இருக்கட்டும்.

டிரைவர் கதை சுலபம். தைப்பூசம் பொது விடுமுறை இல்லை, குடும்பப் பொறுப்பு லீவிலும் சேராது. ஆண்டு லீவில் எடுக்கலாம். தேதியில் ஒத்துப்போகவில்லை என்றால் முடிவு உங்கள் கையில் என்கிறது சட்டம். அதை மட்டும் நம்பி மறுத்துவிடாதீர்கள். மாதம் ஒரு சனிக்கிழமை சரக்குக் கணக்கெடுக்க வர மறுத்த, சனிக்கிழமையை ஓய்வு நாளாகக் கடைப்பிடிக்கும் அட்வென்டிஸ்ட் கிறிஸ்தவ சபைப் பெண்ணை நீக்கிய நிறுவனம், 2018-இல் தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. வேறு வழி இருந்ததா என்று அந்த நிறுவனம் சரியாகத் தேடவில்லை. உங்களுக்கு ஒரே ஒரு நாள்தான். இன்னொரு டிரைவரோடு ஷிப்ட் மாற்றினால் முடிந்தது. பஞ்சாங்கத்தில் தேதி முன்கூட்டியே தெரியும். டிசம்பரில் ஒரு தாளை ஒட்டி, அவரவருக்கு வேண்டிய நாளை எழுதச் சொல்லுங்கள். ஜனவரியில் மலை யாத்திரை போகும் ஷெம்பே என்ற ஆப்பிரிக்கச் சபையினர் உங்களிடம் இருந்தால் அவர்களும் எழுதட்டும்.