ஊட்டியில் எதைப் பார்க்கலாம், எதை விடலாம்? எங்கள் வீட்டு ஐந்து பேரின் பதில்

திருச்சியிலிருந்து நாங்கள் ஐந்து பேர் ஊட்டிக்கு இரண்டு தடவை போய்வந்தோம். நான், தச்சுப் பட்டறை வைத்திருக்கும் என் கணவர், முழங்கால் வலியோடு அத்தை, பிளஸ் ஒன் படிக்கும் மகள், மூன்றாம் வகுப்பு மகன். முதல் தடவை மே மாதம், அடுத்தது பொங்கல் விடுமுறை. "இரண்டும் இரண்டு ஊர் மாதிரி இருந்தன" என்று சென்ற மாதம் இந்தப் பகுதியில் ஒரு வரி எழுதினேன். அதற்குத்தான் இத்தனை கடிதங்கள். வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துக் கேட்டு, அவரவர் சொன்னதை அப்படியே சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: மலை ரயிலுக்கு டிக்கெட் கிடைப்பதே பெரும்பாடாக இருக்கிறது. பஸ்ஸில் போனால் பாதி நேரம் மிச்சம். அவ்வளவு சிரமப்பட்டு ரயிலில் போகத்தான் வேண்டுமா? (மன்னார்குடி வாசகி)

கட்டாயம் போங்கள். ஐந்து பேரும் ஒரே குரலில் 'ஆமாம்' சொன்னது இதற்கு மட்டும்தான்.

மேட்டுப்பாளையத்தில் காலை ஏழு மணிக்கு மேல் கிளம்பும் வண்டி, 46 கிலோமீட்டர் ஏறி ஊட்டி சேர மதியம் ஆகிவிடும். எஞ்சின் முன்னால் இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். அதனால் முதல் பெட்டியில் இருப்பவர்களுக்குப் பாதையே கண்ணெதிரே விரியும். கல்லாறு வரை சாதாரண ரயில்தான். கல்லாறு தாண்டியதும் காலடியில் ஒரு பிடி விழுவது தெரியும். தண்டவாளங்களுக்கு நடுவே பல்வரிசை மாதிரி ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். எஞ்சினின் பற்சக்கரம் அந்தப் பற்களைக் கவ்விக் கவ்வி மேலே ஏறும். 12 அடி போனால் 1 அடி உயரம் ஏறும் செங்குத்து அது. சாதாரணச் சக்கரமாக இருந்தால் வழுக்கிவிடும் என்று பெட்டியின் பிரேக் பிடிக்கிற ஊழியர் என் மகனுக்கு விளக்கினார். அதற்கப்புறம் அவன் ஜன்னலுக்கு வெளியே பார்க்கவே இல்லை, தரைக்கடியில் வருகிற அந்தக் கடகட சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தான்.

குன்னூர் வரையிலான பாதை 1899-இல் திறந்தது, ஊட்டிக்கு நீட்டியது 1908-இல். யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக 2005-இல் சேர்த்தது. வழியில் ஹில்குரோவில் எஞ்சினுக்குத் தண்ணீர் நிரப்ப நிறுத்துவார்கள். குரங்குகள் அங்கே நமக்காகவே காத்திருக்கும், பிஸ்கட் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு இறங்காதீர்கள். அத்தைக்குக் கார் வளைவுகளில் தலை சுற்றி வாந்தி வரும். ரயிலில் ஒன்றுமே வரவில்லை. "உட்கார்ந்த இடத்துக்கே மலை வந்து நிக்குதும்மா" என்றார்.

முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும், அன்றே போட்டுவிடுங்கள். கிடைக்காவிட்டால் குன்னூர் வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து ஊட்டிக்கு ரயிலேறுங்கள். வெலிங்டன், கேத்தி, லவ்டேல் வழியாக ஒரு மணி நேரத்துக்குச் சற்று கூடுதலாகும். இந்தப் பகுதியில் பல்சட்டமும் இல்லை, நீராவி எஞ்சினும் இல்லை, டீசல்தான். ஆனாலும் கேத்தி பள்ளத்தாக்கின் கேரட் வயல்கள் அடுக்கடுக்காகத் தெரியும்.

கேள்வி: எழுபது வயது அம்மாவை அழைத்துப் போகிறேன். அவர்களால் அதிகம் நடக்க முடியாது. தாவரவியல் பூங்காவா, ரோஜாத் தோட்டமா? (விருதுநகர் வாசகர்)

தாவரவியல் பூங்கா. ரோஜாத் தோட்டம் மலைச் சரிவில் தட்டுத்தட்டாக இறங்கும். பூக்களெல்லாம் கீழ்த்தட்டுகளில் சிரித்துக்கொண்டிருக்க, அத்தை மேல்தட்டு பெஞ்சில் உட்கார்ந்து எங்களுக்குக் கையசைத்துக்கொண்டிருந்தார். எனக்கு மனசே ஆறவில்லை.

பூங்காவும் மலைச்சரிவுதான், 55 ஏக்கர். ஆனால் கீழேயுள்ள புல்வெளிக்கு வர அதிகம் ஏற வேண்டாம். 1848-இல் மெக்ஐவர் என்ற தோட்டக்கலை நிபுணர் உருவாக்கத் தொடங்கியது. கல்லாகிப்போன ஒரு மரத்தண்டு அங்கே கிடக்கிறது, இரண்டு கோடி ஆண்டு பழமையானது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தினமும் மரத்தோடு புழங்குகிற என் கணவர் அதன் முன்னாலிருந்து நகரவே இல்லை. கல்லாக மாறியும் அது மரம்தான் என்று பார்த்தவுடனே தெரிகிறது என்று அத்தையிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

உங்கள் அம்மா கீழே புல்வெளியில் இருக்கட்டும், நீங்கள் மட்டும் மேலே ஏறுங்கள். பூங்காவின் உச்சியில், நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் மந்து இருக்கிறது. மந்து என்றால் அவர்களுடைய குடியிருப்பு. பீப்பாயைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்த மாதிரி அவர்களுடைய மரபு வீடு. மூங்கிலும் பிரம்பும் வைத்துக் கட்டிப் புல் வேய்வார்கள். தவழ்ந்துதான் நுழைய முடியும், அவ்வளவு சின்ன வாசல். அது மனிதர்கள் வாழ்கிற இடம். போட்டோ எடுப்பதற்கு முன் கேளுங்கள், கோயில் பக்கம் போகாதீர்கள்.

அங்கே ஒரு பாட்டி வெயிலில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். வெள்ளைப் பருத்தித் துணி, சிவப்பிலும் கறுப்பிலும் நூல். துணியில் பென்சில் கோடு எதுவும் இல்லை. துணியின் இழைகளைக் கண்ணாலேயே எண்ணி, ஊசியை விட்டு, மறுபடி எண்ணி, மறுபடி விடுகிறார். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் பார்த்தாள். ஒரு விரல் அகலத்துக்கு மேல் தையல் நகரவில்லை. ஒரு சால்வை முடிய எத்தனை நாள் ஆகும் என்று அவளே கணக்குப் போட்டுப் பார்த்து, அதற்கப்புறம் விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. இந்தத் தோடர் எம்பிராய்டரிக்குப் புவிசார் குறியீடு 2013-இல் கிடைத்திருக்கிறது. நாங்கள் ஒரு சின்னப் பை வாங்கி வந்தோம். கீழே வந்ததும் அத்தை அதைத் திருப்பிப் போட்டு முடிச்சு எங்கே என்று தேடினார். சின்ன வயதில் கிராஸ் ஸ்டிச் போட்டுத் தலையணை உறை தைத்தவர். தேடித் தேடிப் பார்த்து, "கை சுத்தம்னா இதான்" என்றார்.

கேள்வி: ஒரே நாளில் எட்டு இடம் காட்டுகிறோம் என்று வேன்காரர்கள் சொல்கிறார்கள். நம்பிப் போகலாமா? (சேலம் வாசகர்)

முதல் தடவை நாங்களும் அப்படித்தான் போனோம். எட்டு இடத்தையும் காட்டினார்கள் என்பது உண்மை. ஒவ்வொரு இடத்திலும் இருபது நிமிஷம், அதில் பாதி வண்டி நிறுத்துவதற்கும் டிக்கெட் வரிசைக்கும். மாலையில் மகனிடம் என்ன பார்த்தாய் என்று கேட்டேன். "வேன்" என்றான்.

இரண்டாவது தடவை ஒரு நாளைக்கு இரண்டே இடம் என்று முடிவு செய்தோம். மந்தில் அந்த அரை மணி நேரம் கிடைத்தது அதனால்தான். எத்தனை இடம் பார்த்தோம் என்று ஊர் திரும்பினால் யாரும் கேட்கப்போவதில்லை. பிள்ளைகளிடம் எது பிடித்தது என்று கேட்டுவிட்டு அங்கேயே கூட நேரம் இருங்கள்.

கேள்வி: ஊட்டி ஏரியில் படகுச் சவாரி எப்படி? (காரைக்குடி வாசகி)

ஏரியை 1824-இல் கலெக்டர் ஜான் சல்லிவன் வெட்டினார். சுமார் 65 ஏக்கர். சுற்றிலும் யூகலிப்டஸ் மரங்கள். காலை வேளையில் பனி தண்ணீர்மேல் படுத்துக்கிடக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மே மாதத்தில் கால் கடுக்க நின்று, கூட்டத்தோடு கூட்டமாகப் படகேறி, சுற்றுப் படகுகளோடு முட்டாமல் ஓட்டுவதிலேயே நேரம் போய்விட்டது. மகனுக்கு மட்டும் கொள்ளை சந்தோஷம். மிதிபடகு என்றால் அவனுக்குப் போதும், கூட்டம் ஒரு பொருட்டே இல்லை. பத்து வயதுக்குள் பிள்ளை இருந்தால் போங்கள். இல்லாவிட்டால் விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

படகில் போக ஆசை இருந்தால் பைக்காரா. கூடலூர் சாலையில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். காடும் புல்வெளியும் சூழ்ந்த நீர்த்தேக்கம், 1932-இல் நீர்மின்சாரம் எடுக்கத் தொடங்கிய இடம். வழியில் பைன் மரக் காடு, ஒன்பதாவது மைல் புல்மேடு எல்லாம் வரும். அருவி மட்டும் கோடையில் மெலிந்துவிடும், மழைக்குப் பிறகுதான் பார்க்க வேண்டும்.

குதிரைச் சவாரி பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் ஏறும்போது பேசிய தொகை ஒன்று, இறங்கும்போது கேட்டது வேறொன்று. "முழுச் சுற்று வேறே, அரைச் சுற்று வேறே" என்றார் குதிரைக்காரர். எதுவரை, எவ்வளவு என்று பிள்ளையை ஏற்றுவதற்கு முன்பே தெளிவாகப் பேசிவிடுங்கள்.

கேள்வி: தொட்டபெட்டா? (தஞ்சாவூர் வாசகர்)

நீலகிரியின் உயரமான சிகரம், 2,637 மீட்டர். மே மாதத்தில் மதியம் இரண்டு மணிக்குப் போனோம். நாலாபுறமும் வெள்ளை மூட்டம், தொலைநோக்கியிலும் அதே வெள்ளைதான். ஜனவரியில் காலை முதல் ஆளாகப் போனோம், கோயம்புத்தூர்ச் சமவெளி வரை தெரிந்தது. ஆகவே காலையில் போங்கள். காலையில் முடியாது என்றால் வேண்டாம்.

கேள்வி: பூந்தோட்டம், படகு இதிலெல்லாம் என் கணவருக்கு ஆர்வமே இல்லை. அவருக்கு என்ன காட்டுவது? (நாகர்கோவில் வாசகி)

புனித ஸ்டீபன் தேவாலயத்துக்கு அழைத்துப் போங்கள். 1829-இல் அடிக்கல் நாட்டியது. மஞ்சள் சுவர், உள்ளே நல்ல அமைதி. அதன் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்த மரங்கள். இதை அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டோம். கேட்டதுமே என் கணவர் தலையை நிமிர்த்தியவர்தான். ஓர் உத்தரம் தூணோடு சேரும் மூட்டைக் காட்டி, "இருநூறு வருஷமா ஒரு நூல்கூட விலகல பார்" என்று பிள்ளைகளுக்குச் சொன்னார். ரயில் பாதை போடாத காலத்தில், மைசூர்ப் பக்கமிருந்து அத்தனை பெரிய மரங்களை இந்த மலைமேல் ஏற்றியதை நினைத்துப் பார்த்தால் எனக்கும் பிரமிப்பாக இருந்தது. வெளியே கல்லறைத் தோட்டத்தில், பெயர் தேய்ந்துபோன குழந்தைக் கல்லறைகளைப் பார்த்து அத்தை வெகுநேரம் பேசவே இல்லை.

கேள்வி: எந்த மாதம் போவது நல்லது? இ-பாஸ் வேண்டுமா? (மதுரை வாசகர்)

மலர்க் கண்காட்சி மே மாதத்தில். அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் கூட்டத்தையும் சேர்த்து ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். எங்கள் தேர்வு ஜனவரி. பகலில் இளவெயில், விடியற்காலையில் உறைபனி. தலைக்குந்தா பக்கம் ஆறரை மணிக்குப் போனோம். புல்லெல்லாம் உப்புத் தூவிய மாதிரி வெள்ளை. மகள் ஒரு புல்லைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்தாள், அது சொட்டுத் தண்ணீராக உருகும்வரை கையை நீட்டிக்கொண்டே நின்றாள். இரண்டு பயணத்திலும் அவளுக்கு மிகப் பிடித்தது அதுதானாம், டிக்கெட்டே இல்லாத ஓர் இடம். ஸ்வெட்டர் மட்டும் போதாது. காதுக்குக் குல்லா, காலுக்கு சாக்ஸ் எல்லாம் ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள்.

சொந்த வண்டி, வாடகை வண்டி என்றால் இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் அமலில் இருக்கிறது. அரசு பஸ்ஸிலும் ரயிலிலும் போனால் தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு மாவட்டம் முழுக்கத் தடை, சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள். எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள், வழியில் நிரப்பிக்கொள்ளலாம்.

கேள்வி: என்ன வாங்கி வரலாம்? (புதுக்கோட்டை வாசகி)

வர்க்கி. சாக்லேட் எல்லா ஊரிலும் கிடைக்கிறது, இது அப்படியில்லை. மடிப்பு மடிப்பாக, மேலே மொறுமொறுப்பாக, உள்ளே கொஞ்சம் உப்பும் இனிப்புமாக இருக்கும். பேக்கரியில் சூடாக எடுக்கும் நேரம் கேட்டு அப்போது வாங்குங்கள். டீயில் நனைத்தால் மூன்று எண்ணுவதற்குள் வாயில் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் கிளாஸின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அப்புறம், கேத்தி கேரட்டைத் தழையோடு ஒரு கட்டு. வாங்கிய அன்றே பச்சையாகச் சாப்பிட வேண்டும். நாங்கள் ஊருக்கென்று வாங்கிய இரண்டு கட்டும் மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் தீர்ந்துவிட்டன.