வேலை அரசு ஆஸ்பத்திரியில், சம்பளம் கான்ட்ராக்டரிடம்

கேள்வி: பி.காம். முடித்திருக்கிறேன். அரசு மருத்துவமனைக்கு ஆள் எடுத்துத் தரும் அவுட்சோர்சிங் நிறுவனம் ஒன்றில் டேட்டா என்ட்ரி வேலைக்கு இன்டர்வியூ போனேன். டைப்பிங் மட்டும் பார்த்துவிட்டு 'செலக்ட்' என்றார்கள். சம்பளம் 18,000 ரூபாய். பிடித்தம் போகக் கைக்கு 13,680 வருமாம். 20,000 ரூபாய் டெபாசிட், ஒரிஜினல் சான்றிதழ்கள் கேட்கிறார்கள். இரண்டு வருடத்தில் பெர்மனென்ட் ஆகிவிடுமாம். "கவர்மென்ட் வேலைம்மா, விட்டுடாதே" என்கிறார் அப்பா. சேரலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: மகளே, டெபாசிட் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே. ஒரிஜினலைக் காட்டு, நகலைக் கொடு, ஒரிஜினலைக் கையோடு வாங்கிக்கொண்டு வா. டெண்டர் எடுத்தவர்கள் அரசுக்கு வைப்புத் தொகை கட்டுவது அவர்கள் பாடு. அதை வேலைக்கு வரும் பிள்ளைகள் தலையில் கட்டுவது அநியாயம். சான்றிதழ் அவர்கள் பீரோவில் இருந்தால், சம்பளம் இரண்டு மாதம் நின்றாலும் நீ வாய் திறக்க மாட்டாய்.

அந்த 13,680 எப்படி வந்தது என்று பேப்பரில் போட்டுப் பார்த்தேன். பி.எஃப். உன் பங்கு 12 சதவீதம். பி.எஃப்.புக்கான சம்பள உச்சவரம்பு 15,000-க்குக் கணக்கிட்டால் 1,800 ரூபாய். இ.எஸ்.ஐ. உன் பங்கு 0.75 சதவீதம், அதாவது 135. இரண்டும் போக 16,065 வர வேண்டும். அதில் நிறுவனம் கட்ட வேண்டிய பி.எஃப். 1,800-ஐயும், இ.எஸ்.ஐ. 3.25 சதவீதமான 585-ஐயும் கழித்தால் சரியாக 13,680! நிறுவனத்தின் பங்கை உன் சம்பளத்தில் பிடிக்கச் சட்டம் இடம் தரவில்லை. "18,000 என்பது என் சம்பளமா, எனக்காக உங்களுக்கு ஆகும் மொத்தச் செலவா?" என்று நேராகக் கேள். மொத்தச் செலவுதான் என்றால், உன் சம்பளம் 18,000 இல்லை. எதுவானாலும் நியமனக் கடிதத்தில் எழுதி வாங்கு.

பெர்மனென்ட் பேச்சை நம்பிச் சேராதே. 2006-இல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, முறையான தேர்வு வழியாக வராத தற்காலிக, ஒப்பந்தப் பணியாளர்கள் நிரந்தரத்தை உரிமையாகக் கோர முடியாது என்று சொல்லிவிட்டது. அவர்களாவது அரசே நேரடியாக வைத்த ஆட்கள். நீ கான்ட்ராக்டரின் ஆள்; டெண்டர் கைமாறினால் உன் வேலையும் ஆட்டம் காணும். அந்த வாக்குறுதியைத் தரும் அதிகாரமே அந்த நிறுவனத்துக்குக் கிடையாது.

அதற்காக வேலையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வருமானம் வேண்டும், அனுபவமும் சேரும். ஒப்பந்தம் எந்தத் தேதிவரை, சம்பளம் எந்தத் தேதியில் என்று கேட்டுக்கொள். சேர்ந்ததும் உன் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணை வாங்கி, பி.எஃப். பாஸ்புக்கை மாதாமாதம் பார். பிடித்த பணத்தைக் கட்டாமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். கான்ட்ராக்டர் சம்பளம் தராவிட்டால், வேலை வாங்கும் மருத்துவமனைக்கே அதைக் கொடுக்கும் பொறுப்பு உண்டு. கண்காணிப்பாளரிடம் எழுத்தில் கொடு, தொழிலாளர் துறைக்கும் ஒரு நகல் அனுப்பு.

அப்பா உன் நல்லதற்குத்தான் சொல்கிறார். அவரையே கூட்டிக்கொண்டு போய், அவர் முன்னிலையில் இந்தக் கேள்விகளைக் கேள். டெபாசிட் கட்டினால்தான் வேலை என்று சொன்னால் இருவரும் எழுந்து வந்துவிடுங்கள். அரசு வேலைதான் வேண்டுமென்றால் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 இருக்கிறது. இந்த வேலையில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும், அதற்குப் படிப்பதை நிறுத்தாதே.